சட்டூர்னியாவா, வால் தோர்ச்சாவா?

இத்தாலி டஸ்கனில வெந்நீர் ஊற்றுக்குன்னே போறவங்க கடைசில இந்த ரெண்டுல ஒண்ணுலதான் வந்து நிப்பாங்க. சட்டூர்னியால தண்ணி சுமார் 37 டிகிரி, நம்ம உடம்புச் சூடுதான், பழைய மில் பக்கத்துல அருவியா விழுந்து படிப்படியா வெள்ளைக் கிண்ணம் மாதிரி தேங்கி நிக்கும், டிக்கெட்டே கிடையாது. ஆனா கந்தக நாத்தம் அவிச்ச முட்டை மாதிரி அடிக்கும், வெள்ளிக் கொலுசு மோதிரம் எதுவும் போட்டுட்டு இறங்காதீங்க, கறுத்துடும். வார இறுதில கூட்டம் வேற. பக்கத்துல பித்திலியானோன்னு பாறை மேல ஒரு ஊரு, பாறை எங்க முடியுது வீடு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, உள்ள 1598ல கட்டின யூத ஜெபக்கூடம் இருக்கு.

வால் தோர்ச்சா ஒரு பள்ளத்தாக்கு, அங்க பாஞ்ஞோ விஞ்ஞோனின்னு ஒரு குட்டி ஊரு, ஊர் நடுச் சதுக்கமே வெந்நீர்க் குளம், நம்ம கோயில் தெப்பக்குளம் மாதிரி! குளிரான காலைல ஆவி பறக்கும், ஆனா அதுல இறங்கக் கூடாது, வேடிக்கைதான். குளிக்கணும்னா பாஞ்ஞி சான் ஃபிலிப்போ போகணும், காட்டுக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சு படிஞ்சு திமிங்கலம் மாதிரி நிக்குற வெள்ளைப் பாறை, அதுவும் ஃப்ரீதான்.

எனக்கு வால் தோர்ச்சாதான், காரணம் சான்ட் ஆன்டிமோ மடம். 12ஆம் நூற்றாண்டு சர்ச், ஆலிவ் மரத்துக்கு நடுவுல தனியா நிக்கும், உள்ள ஒரு தூண் உச்சில பைபிள்ல வர்ற தானியேலைச் சுத்தி சிங்கங்க செதுக்கியிருக்கும், அண்ணாந்து பாத்து கழுத்து வலிச்சாலும் பரவால்ல. ரெண்டு பக்கமும் பஸ்ஸ நம்பாதீங்க, கார் எடுத்துடுங்க.