விடுதிக்கு எரிவாயு பாய்லர் வைக்கப் போகிறவர்கள், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கன்னியாகுமரியில் நான் நடத்தும் சிறிய தங்கும் விடுதிக்கு, கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் நடுச்சாமத்திலும் வந்து இறங்குவார்கள். வந்தவுடன் அவர்கள் கேட்பது வெந்நீர். அறைக்கு அறை கீசர் வைத்து மின்கட்டணம் கட்டி மாளாததால், சென்ற வைகாசியில் எல்பிஜியில் ஓடும் வெந்நீர் பாய்லர் ஒன்றை 2,80,000 ரூபாய்க்குப் பேசி, நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். மூன்றே நாளில் குழாயில் வெந்நீர் வந்தது. அன்று மாலையே முழுத்தொகையையும் கொடுத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, கடல் காத்து பட்டா துருப்பிடிச்சிரும், உள்ள இருந்தாத்தான் பத்திரம்" என்று சொல்லி, மாடிப்படிக்குக் கீழே இருந்த அடைசலான அறையில் அவர் பாய்லரை நிறுத்தியபோது, அந்தப் பேச்சு எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். அந்த அறைக்குக் காற்று வழி என்று இருந்ததோ கூரையை ஒட்டிய ஒரு ஜாலி மட்டும்தான். போதாக்குறைக்கு, கசிந்த வாயு இறங்கித் தேங்குவதற்குத் தோதாக மூலையில் ஒரு சாக்கடைக் குழியும் இருந்தது.

ஆடி பிறந்தது. மாடியில் மேற்குப் பக்க அறையில் தங்கிய ஒரு குடும்பத்தினர் காலையில் தலைவலியோடு எழுந்தார்கள். குழந்தை வாந்தி எடுத்தது. முந்தைய இரவு சாப்பிட்ட மீன்குழம்பின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். கடற்கரைக்குப் போனால் தலைவலி விட்டுவிடுகிறது, அறைக்குத் திரும்பினால் மறுபடி பிடித்துக்கொள்கிறது என்று குழந்தையின் தாயார் சொன்ன பிறகுதான் எனக்குப் பகீரென்றது. உடனே பாய்லரை அணைத்து, அவர்களை வேறு அறைக்கு மாற்றி, மருத்துவரிடமும் அழைத்துச் சென்றேன். நல்லவேளையாக அனைவரும் தேறிவிட்டார்கள்.

பாய்லர் வைத்தவர் புகைபோக்கியைக் கூரைக்கு மேல் உயர்த்தாமல், மேற்குச் சுவரில் ஒரு அடி மட்டும் நீட்டி, அந்த அறையின் சன்னலுக்கு நேர் கீழே விட்டிருந்தார். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று, வெளியேற வேண்டிய புகையின் ஒரு பகுதியைச் சன்னலுக்குள்ளும், மீதியைப் பாய்லர் அறைக்குள்ளேயும் தள்ளியிருக்கிறது. கசியும் வாயுவைக் காட்டிக்கொடுக்கவென்று எல்பிஜியில் கலந்திருக்கும் நாற்றம் எரிந்த புகையில் இருப்பதில்லை; அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீலமாக இருக்க வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்ததையும், பர்னரைச் சுற்றிக் கரி படிந்திருந்ததையும் நான் பல நாள் பார்த்திருக்கிறேன். வாயு அரைகுறையாக எரிகிறது என்ற அதன் பொருள்தான் எனக்குத் தெரியவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்த பொறியாளர் முதலில், அழுத்தம் கூடினால் திறந்து நீரை வெளியே விடும் சேஃப்டி வால்வைத்தான் பார்த்தார். சூடாகும் நீர் விரிவடையும். குளிர்நீர்க் குழாயில், நீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை வைத்துவிட்டு, விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டி வைக்காததால் அழுத்தம் போக வழியின்றி சேஃப்டி வால்வு சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சொட்டுவதை நிறுத்த, நம் ஆள் அதன் வாயில் ஒரு எண்ட் கேப்பை, அதாவது குழாய் மூடியை, வைத்து முறுக்கியிருந்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒருநாள் பழுதாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. பர்னருக்குப் போகும் வாயு அழுத்தத்தையும் அவர் மானியை வைத்து அளக்கவில்லை, சுடரின் உயரத்தைப் பார்த்தே திருகியிருக்கிறார். அது பாய்லர் தகட்டில் குறித்திருந்த அளவைத் தாண்டியிருந்தது. 19 கிலோ சிலிண்டர்கள் ஆறு, அதாவது 114 கிலோ வாயு அங்கே இருந்தது. 100 கிலோவுக்கு மேல் வைத்திருக்க உரிமம் தேவை என்று அவர் வாய் திறக்கவே இல்லை. கொதிகலன் சட்டம் இதற்குப் பொருந்தாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். 100 டிகிரிக்குக் கீழே நீரைச் சூடாக்குவதால் அது உண்மைதான்; ஆனால் யாரும் எதையும் சோதிக்கத் தேவையில்லை என்பது போல அதை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

பாய்லரை வெளியே, கீழும் மேலும் காற்று வழியுள்ள கொட்டகைக்கு மாற்றி, புகைபோக்கியைக் கூரைக்கு மேல் உயர்த்த மேலும் 64,000 ரூபாய் ஆனது. இந்த வேலையைச் செய்த புதியவர் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்தார்; அதன்பின் பர்னர் எரியும்போது பாய்லரின் புகை வாய்க்கருகே ஊதுபத்தியைப் பிடித்து, அதன் புகை புகைபோக்கிக்குள் இழுபடுவதைக் காட்டினார்; அளவுகளை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பணம் கேட்டார்.

முதலாமவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே வேலையை அவர் பேசி முடித்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்த எண்ட் கேப்பை எடுத்துக்கொண்டு நேற்று நேரில் போய் மண்டபக்காரரிடம் காட்டிவிட்டு வந்தேன்.