ஆர்வி ஃபிரிட்ஜ் கதவின் கீல் உடைந்தால்: ஒட்டுவதா, தகடு வைப்பதா, கதவையே மாற்றுவதா?

வீட்டு ஃபிரிட்ஜ் ஒரே இடத்தில் நிற்கும். ஆர்வி எனப்படும் வீட்டு வண்டியின் ஃபிரிட்ஜோ ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும். கதவுத் தட்டில் ஒரு லிட்டர் பாட்டில் நான்கு வைத்தால் அதுவே நாலு கிலோ. அதையும் கதவையும் சேர்த்துத் தாங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் மூலைக்குள் நுழைந்திருக்கும் ஒரு சின்ன உலோக முளை. முளை வளைவதில்லை. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் விரிசல் விடுகிறது.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எது உடைந்தது என்று கதவைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் உடம்பில் இருக்கும் கீல் பட்டையின் திருகுகள் தளர்ந்திருந்தால் அது பெரிய வேலையே இல்லை. துளை தேய்ந்திருந்தால் ஒரு சைஸ் தடித்த திருகு போதும். முளை உட்காரும் பிளாஸ்டிக் புஷ், அதாவது குழல் போன்ற சின்ன வளையம், மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். கதவின் மூலையே பிளந்திருந்தால்தான் இந்த அலசல் முழுக்கத் தேவைப்படும்.

முதலில் எல்லோர் கையும் போவது பசைக்கு. சூப்பர் குளூ இங்கே வேலைக்கு ஆகாது. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்து, முதல் நெடும்பயணத்திலேயே விட்டுவிடும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பரவாயில்லை. ஆனால் ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஐந்து நிமிட எபாக்சியாகவே இருந்தாலும் முழு பலம் வர ஒரு நாள் விடுவது நல்லது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கென்று வரும் கரைப்பான் பசை இன்னும் உறுதி, ஏனென்றால் அது இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கதவு என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன் வகையாக இருக்கலாம். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பாலிபுரொப்பிலீன் போன்ற ஏதோ ஒன்றாக இருக்கலாம். அதில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது.

பசை எங்கே தோற்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முளைமேல் நிற்கும் கதவின் எடை கீழ்க்கீலில்தான் இறங்குகிறது. மேல்கீலின் வேலை வேறு: கதவு கைப்பிடிப் பக்கமாகச் சாயாமல் இழுத்துப் பிடிப்பது. அந்த இழுவையில் முளை, துளைக்கும் கதவின் ஓரத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கதவு அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் அதன் எடைக்கு இந்த இழுவை இன்னும் அதிகம். அதனால் மேல்மூலை பிளந்திருந்தால் வெறும் பசையை நம்ப வேண்டாம். கீழ்மூலையிலும் அதைத் தனியாக விட மாட்டேன். நொறுங்கிய இடத்தை நிரப்பும் பொருளாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

என் ஓட்டு உலோகத் தகட்டுக்குத்தான். உடைந்த மூலையைச் சுற்றிப் பிடிக்கும் வளைந்த எஃகுத் தகடுகள் சில மாடல்களுக்குத் தயாராகவே கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையை வளைத்து, முளைக்கு ஒரு துளை போட்டுச் செய்துகொள்ளலாம். எடை இனி உடைந்த பிளாஸ்டிக்கில் இறங்காமல், தகடு வழியாகத் தள்ளி இருக்கும் நல்ல பிளாஸ்டிக்கில் பரவும். இதுதான் பசையால் செய்ய முடியாத காரியம்.

ஆனால் தகடு வைப்பதிலும் கோட்டை விட நிறைய இடம் உண்டு. விரிசலின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் விரிசல் அங்கேயே நிற்கும்; போடாவிட்டால் தகட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் நீளும். கூம்புத் தலைத் திருகு பிளாஸ்டிக்கை ஆப்பு போலப் பிளக்கும், அதனால் தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் திருகுதான் சரி. முதலில் சின்னத் துளை, அப்புறம் திருகு, கையால் முறுக்குவது மட்டும். திருகின் நீளம் கதவின் தடிமனைவிடக் குறைவாக இருக்கட்டும், உள் பிளாஸ்டிக்கைத் துளைத்துவிடக் கூடாது. கதவை ஊடுருவி போல்ட் போட்டால் உறுதி என்று தோன்றும். அந்த போல்ட் குளிரை வெளியே கடத்தி, தலையில் எப்போதும் நீர் கோத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, கீழ்மூலையில் வைத்த தகட்டின் தடிமன் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கதவை மேலே தூக்கும். அதுவே தாழ்ப்பாள் பொருந்தாமல் போகப் போதும். கீழ்க்கீலில் வாஷர் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டுச் சமன் செய்யலாம்.

துளை போடுவதெல்லாம் கதவோடு நிற்கட்டும். கதவிலும் வயரோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கதவு மாடல்கள் சிலவற்றில் நடுச்சட்டத்துக்குள் ஈரம் படியாமலிருக்க ஹீட்டர் வயர் இருக்கும். கேஸிலும் ஓடும் அப்ஸார்ப்ஷன் ஃபிரிட்ஜில் பின்பக்கக் குழாய்களுக்குள் அமோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கின்றன. தொடங்குமுன் கேஸையும் கரண்டையும், 12 வோல்ட் இணைப்பையும் சேர்த்து, அணைத்துவிடுங்கள்.

பலர் யோசிக்காத வழி ஒன்று உண்டு: கதவைத் திருப்பி மாட்டுவது. சிறிய ஒற்றைக் கதவு மாடல்கள் பலவற்றில் எதிர்ப்பக்கத்திலும் கீலுக்கான துளைகள் மூடியோடு தயாராக இருக்கும். அந்தப் பக்க மூலை உடையாதது, செலவும் இல்லை. உடைந்த மூலை தாழ்ப்பாள் பக்கம் போய்விடுவதால் அதில் எடையும் இறங்காது. ஆனால் திருப்பிய கதவு சுவரிலோ சோபாவிலோ இடித்துப் பாதிதான் திறக்கும் என்றால் பயனில்லை, ஆர்வியின் குறுகலில் இது அடிக்கடி நடக்கும். இடம் இருந்தால் தகட்டுக்கும் முன்னால் இதைத்தான் பார்ப்பேன்.

முப்பரிமாண அச்சில் புஷ் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎல்ஏ (PLA) என்ற பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது இளகும், வெயிலில் பூட்டி நிற்கும் வண்டி அதற்கு ஆபத்து. சுமையிலும் மெல்ல உருமாறும். பெட்ஜி (PETG) அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக் போடுங்கள்.

புதுக் கதவு வாங்குவது சுத்தமான வேலைதான். ஃபிரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். பழைய கதவின் அலங்காரப் பலகையை இதில் மாட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் நனைந்து ஊறிவிட்டால், அல்லது மூலை துண்டாகவே போய்விட்டால் இதுதான் வழி. கீலுக்காக ஃபிரிட்ஜையே மாற்றுவது வீண். பின்னால் மஞ்சள் படிவோ அமோனியா நெடியோ தெரிந்தால் கதை வேறு. குளிரூட்டும் பகுதியே கசிகிறது, கீலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எந்த வழியானாலும் மாட்டி முடித்ததும் கதவின் நாலு பக்கமும் ஒரு தாளை ரப்பர் பட்டைக்கு நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எங்காவது தடையில்லாமல் வழுக்கி வந்தால் கதவு இன்னும் சாய்ந்திருக்கிறது. மேல்கீலைத் தளர்த்தி நேராக்கி மறுபடி முறுக்குங்கள். அப்ஸார்ப்ஷன் ஃபிரிட்ஜ் மெதுவாகத்தான் குளிரும், சின்ன இடைவெளி இருந்தாலே 4 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கத் திணறும். பாட்டில்களைக் கதவிலிருந்து எடுத்து உள்தட்டில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.