7,200 ரூபாய் போனது போகட்டும், அப்பா கையில் ஏற்றியது என்ன?

இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. கொரோனா ஊசி என்று சொல்லி எங்களை ஏமாற்றிய அந்த இடத்திலிருந்து இன்று மதியம்தான் திரும்பி வந்தேன். குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் இருப்பவர்களும், வீட்டுப் பெரியவர்களுக்குத் தடுப்பூசி கிடைக்காமல் அலைந்துகொண்டிருப்பவர்களும் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். எதை எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பாவுக்கு 68 வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அம்மாவுக்கு 62, முட்டி வலி. அப்புறம் என் கணவரும் நானும். 2021 மார்ச் 1-ஆம் தேதி 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஊசி தொடங்கியபோதே அப்பா அம்மாவுக்குப் போட்டிருக்கலாம். அப்போது தனியாரில்கூட 250 ரூபாய்தான், கூட்டமும் இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டோம். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். 17-ஆம் தேதி விடியற்காலையில் இறந்துபோனார். மாரடைப்பு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள், சுகாதாரச் செயலாளரும் சொன்னார். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, "இனிமே இந்த வீட்ல ஊசிப் பேச்சே வேண்டாம்" என்றார். அவருடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரம் எத்தனையோ வீடுகளில் அதே பேச்சுதான்.

மே மாதம் எல்லாம் மாறிப்போனது. 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு. சித்தப்பா மகன் ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் விடிய விடிய வரிசையில் நின்றான். ஒருநாள் ராத்திரி அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "சரிம்மா, எனக்கும் போட்டு விட்டுடு" என்றார். அவர் மனசு மாறி வந்தபோது ஊரில் ஊசி இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாலு தடவை போனேன். "தடுப்பூசி இருப்பு இல்லை" என்று பேப்பரில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். காலை ஆறு மணிக்குப் போனால் டோக்கன் முடிந்துவிட்டது என்பார்கள். எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே திருமணியில் தடுப்பூசி தயாரிக்கவென்று ஒரு வளாகத்தைக் கட்டி, ஓடாமல் போட்டு வைத்திருந்தார்கள். மே மாதம் முதல்வரே போய்ப் பார்த்துவிட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊசித் தொழிற்சாலை இருக்கிற மாவட்டத்தில் ஊசிக்குப் பிச்சை எடுத்தோம் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் அரசின் கோவின் தளத்தில் இடம் திறந்ததாகக் காட்டும். பேரைத் தேர்வு செய்து, கேப்சா எழுத்தை அடித்து முடிப்பதற்குள் நிரம்பிவிடும். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் ஆபீஸ் தோழி ஒரு மெசேஜ் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். எந்த மையத்தில் எப்போது இடம் திறக்கிறது என்று அறிவிப்பு அனுப்பும் குழு. ஆயிரக்கணக்கில் ஆட்கள். நல்ல குழுதான், நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது. அதற்குள்ளே ஒருத்தர் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் முகாம் ஒருங்கிணைப்பாளர் என்று அறிமுகம். ஒரு கம்பெனிக்காக வாங்கிய கோவிஷீல்டு தடுப்பூசியில் கொஞ்சம் மீதி இருக்கிறதாம், வீணாகிவிடக் கூடாதாம். ஆளுக்கு 1,800. நாலு பேருக்கு 7,200 ரூபாய்.

தனியாரில் கோவிஷீல்டுக்கு 780 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அந்த வாரம்தான் அரசு அறிவித்திருந்தது. அது எனக்குத் தெரியும். கேட்டேன். "அது ஆஸ்பத்திரிக்குள்ள மேடம். இது வெளிய முகாம், ஐஸ் பெட்டி, நர்ஸ், வண்டி எல்லாம் இருக்கே" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நாலு உயிருக்கு முன்னால் நாலாயிரம் கூடுதல் பெரிசா என்று நினைத்தேன். ஜிபேயில் 7,200 ரூபாய் அனுப்பினேன். ஆஸ்பத்திரி பேருக்கு இல்லை, தனி ஆள் பேருக்கு. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். பில் இல்லாமல் ஆபீசில் ஐம்பது ரூபாய் வவுச்சர்கூட என் மேஜையைத் தாண்டாது. அன்றைக்குப் பில் கேட்டபோது "சர்ட்டிபிகேட்டே பில் மாதிரிதான் மேடம்" என்றார், விட்டுவிட்டேன்.

ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கு என்பதால் ரோடே வெறிச்சென்று இருந்தது. அவர் அனுப்பிய இடத்துக்கு ஆட்டோவில் போனோம். ஒரு ரத்தப் பரிசோதனை லேப், அதற்கு மேலே மாடி. லேப் போர்டைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. அந்த ஆளுக்கு முப்பது வயசு இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் இரட்டை மாஸ்க். படிக்கட்டு குறுகல். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, அவரே மேலே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து பாதிப் படியில் போட்டு, "கொஞ்சம் உக்காந்து ஏறுங்கம்மா, அவசரமே இல்ல" என்றார். அப்பா கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "சுகர் எவ்வளவு இருக்குப்பா? காலைல மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் அங்கே என்னை அக்கா என்றார். இப்போதும் அந்த நாற்காலிதான் கண்ணில் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு எப்படி நான் சந்தேகப்படுவேன்?

உள்ளே ஒரு மேஜை, ஒரு தெர்மாகோல் பெட்டி, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண். ஸ்டீல் தட்டில் ஏற்கெனவே மருந்து ஏற்றி மூடி போட்ட சிரிஞ்சுகள் ஏழெட்டு வரிசையாக இருந்தன. மருந்து பாட்டில் எதுவும் வெளியே இல்லை. என் கணவர், "பாட்டிலைப் பாக்கலாமா?" என்று கேட்டார். "ஒரு பாட்டில்ல பத்து பேருக்குப் போடறது சார், திறந்தா நாலு மணி நேரத்துல முடிச்சிடணும். அதான் ரெடியா ஏத்தி வெச்சிருக்கோம்" என்று பதில் வந்தது. பத்து பேர் கணக்கும் சரி, நாலு மணி நேரக் கணக்கும் சரி. உண்மையைச் சொல்லியே ஏமாற்றினார்கள். எனக்கு போட்டோ எடுக்க ஆசை, எல்லோரும் ஸ்டேட்டஸ் போடுகிறார்களே. "இங்க வேண்டாம்க்கா, பர்மிஷன் இல்ல" என்று தடுத்துவிட்டார். நாலு பேரின் ஆதாரையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆனால் கோவினில் பதிவு செய்த விவரத்தையோ நாலு இலக்க ரகசிய எண்ணையோ கேட்கவே இல்லை. ஊசி போட்டதும் ஐந்து நிமிஷத்தில் கீழே அனுப்பிவிட்டார்கள். எந்த மையத்தில் போட்டாலும் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள் என்று பிறகுதான் யோசித்தேன்.

வரும் வழியிலேயே டோலோ வாங்கிக்கொண்டு வந்தோம். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, கைகூட வலிக்கவில்லை. எதிர் வீட்டு மாமா இரண்டு நாள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அப்பா அவரிடம் காம்பவுண்டு சுவரோரமாக நின்று, "எனக்கு ஒண்ணுமே பண்ணலங்க, அந்தக் காலத்து உடம்பு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் வாசல் தாண்டாதவர் மறுநாளே கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார்.

ஊசி போட்டதற்கான எஸ்எம்எஸ் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேட்டால் "சர்வர் டவுன் அக்கா." மூன்றாம் நாள் "முகாம் டேட்டா மொத்தமாத்தான் ஏறும்." ஐந்தாம் நாள் "உங்க நம்பர்ல ஏதோ பிளாக் இருக்கும், செக் பண்ணுங்க." என் கணவர் பேசியபோது "சார், ஊசி போட்டாச்சுல்ல, சர்ட்டிபிகேட் எங்க ஓடிடப் போவுது?" எட்டாம் நாள் போனை எடுக்கவில்லை. கோவினில் நாலு பேருக்கும் இன்றுவரை தடுப்பூசி போடவில்லை என்றேதான் காட்டுகிறது. 7,200 ரூபாய் போய்விட்டதோ என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது. அப்போதும் ஊசி பொய்யாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

போன வாரம் கொல்கத்தா செய்தி வந்தது. கஸ்பாவில் முகாமுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்ட எம்.பி. மிமி சக்கரவர்த்தி, எஸ்எம்எஸ் வரவில்லையே என்று கிளறியதில்தான் அது போலி முகாம் என்று தெரிந்திருக்கிறது. அங்கே பிடித்த பாட்டில்களில் கோவிஷீல்டு லேபிளுக்கு அடியில் அமிகாசின் என்று ஓர் ஆன்டிபயாடிக்கின் லேபிள். அதற்கு முன்னால் மும்பை காந்திவலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 390 பேரிடம் ஆளுக்கு 1,260 ரூபாய் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, போட்டோ எடுக்க விடவில்லை. படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒவ்வொரு வரியும் எங்கள் கதை.

அந்த லேப்புக்குப் போனேன். "மாடியை ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேட்டாங்க, குடுத்தோம். எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார்கள். யார் கேட்டது என்றால், "அதெல்லாம் ஓனருக்குத்தான் தெரியும்." ஓனர் நம்பர் கேட்டால் தரவில்லை. மெசேஜ் குழு நிர்வாகியிடம் முறையிட்டேன். "தனியா வர்ற மெசேஜுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை எச்சரித்து நான் போட்ட பதிவையும் நீக்கிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னும் எத்தனை பேர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ. பேங்கில், "நீங்களே பின் போட்டு அனுப்பின பணம் மேடம், நாங்க என்ன பண்ண முடியும்?" ஸ்டேஷனில் முதலில், "உடம்புக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" என்றுதான் கேட்டார்கள். ஆகியிருந்தால்தான் எழுதுவார்களா? இரண்டு மணி நேரம் நின்ற பிறகு புகாரை வாங்கி சிஎஸ்ஆர் என்ற புகார் ரசீது கொடுத்தார்கள். இன்று மறுபடியும் லேப்புக்குப் போனால் ஷட்டர் இறக்கியிருக்கிறது.

7,200 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. கணவருக்குப் பாதிச் சம்பளம்தான் வருகிறது, அம்மா நகைச் சீட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்த 7,200 ரூபாய் அது. ஜூன் 21-ஆம் தேதியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம் என்று ஆகிவிட்டது. எட்டு நாள் பொறுத்திருந்தால் போதும். ஆனால் பணத்தைவிட, அப்பாவின் உடம்புக்குள் என்ன போனது என்று தெரியாமல் இருப்பதுதான் தூங்க விடவில்லை. தண்ணியா, வேறு மருந்தா, ஒருவேளை உண்மையான ஊசியேதானா? சர்க்கரைக்காரர். ஊசி போட்ட இடத்தைத் தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சுகாதார நிலைய டாக்டர், "பதிவுல இல்லாத ஊசி போடாத ஊசிதான்மா. நாலு வாரம் போகட்டும், கூட்டிட்டு வாங்க, முதல் டோஸ்னே போடறேன்" என்றார். இத்தனை பேரைப் பார்த்ததில் ஒழுங்காகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது இருக்கிற நிலையில் இவ்வளவுதான் வருகிறது. கோவினில் அந்த மையத்தின் பேர் இல்லாவிட்டால் போகாதீர்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். பாட்டிலிலிருந்து உங்கள் கண் முன்னால் மருந்தை ஏற்றச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆதார் போட்டோ கொடுக்காதீர்கள். அன்றைக்கே எஸ்எம்எஸ் வராவிட்டால் மறுநாளே 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், என்னைப் போல் எட்டு நாள் காத்திருக்காதீர்கள். ஜூன் 13 அன்று அந்த மாடியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்குச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்து போனால் ஸ்டேஷனில் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள்.

அப்பாவிடம் நேற்றுதான் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "படியில கையைப் புடிச்சு ஏத்தி விட்டானேம்மா அந்தப் பையன்" என்றார். ஜூலை 11-ஆம் தேதியோடு நாலு வாரம் முடிகிறது. மறுநாள் திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கே போய் வரிசையில் நிற்கப் போகிறேன். அவர் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.