தேய்ந்த கைகளையும் அடையாளம் காணும் உள்ளங்கை ஸ்கேனர்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு அருகே எங்கள் குடும்பம் நடத்திவரும் உணவகத்தில், வருகைப் பதிவுக்காகக் கடந்த ஆண்டு உள்ளங்கை ஸ்கேனர் ஒன்றைப் பொருத்தினோம். முன்பிருந்த கைரேகைக் கருவி, தேங்காய் துருவியும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்துபோன எங்கள் மூத்த சமையற்காரரை நாள்தோறும் நான்கைந்து முறை விரல் வைக்கச் சொல்லி, வரிசையில் நிற்பவர்கள் முன்னால் கூச வைத்தது. புதிய கருவிக்கு மேலே அவர் கையை விரித்ததும் பச்சை விளக்கு எரிந்தது. "தம்பி, இதுக்கு என்னைத் தெரியுது" என்றார்.

பேச்சில் நரம்பு என்று சொன்னாலும், கருவி படிப்பது தோலுக்குக் கீழே ஓடும் சிரைகளை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய்களைத்தான். ஏறத்தாழ 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைச் சிரை இரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதால், அவை படத்தில் கருங்கோடுகளாக விழுகின்றன. மேல்தோலின் தேய்மானம் அங்கே பொருட்டே இல்லை.

குளிரறையிலிருந்து வருபவர்களிடம்தான் சிக்கல் எழுந்தது. குளிரில் நாளங்கள் சுருங்கிப் படம் மங்கிவிடுகிறது. கோடுகளை வடிகட்டிப் பிரித்து ஒப்பிடும் பழைய மென்பொருள், இறைச்சிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு வந்த இளைஞரை அடிக்கடி மறுத்தது. பிறகு, கேமராவை மாற்றாமலேயே, டீப் லேர்னிங் எனப்படும் ஆழ்கற்றல் மென்பொருளை ஏற்றினார்கள். ஒரே கையின் மங்கலான, சாய்ந்த, பாதி விரிந்த படங்களை ஒன்றுக்கொன்று நெருக்கமான எண்வரிசைகளாகவும், வேறொருவர் கையைத் தொலைவான எண்வரிசையாகவும் மாற்றப் பயிற்றப்பட்ட மென்பொருள் அது. இப்போது அந்த இளைஞர் கைகளை உரசிச் சூடேற்றிக்கொண்டு வரவேண்டிய நாள்கள் அரிது. அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் மனக்குறை கருவியை விற்றவர்கள்மீதுதான். உள்ளங்கைப் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்க மூன்று மின்னஞ்சல்கள் எழுத வேண்டியிருந்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம், சிரைகளை மாற்ற முடியாது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஆய்வாளர்கள் இருவர் மெழுகுக் கையைக் கொண்டு இத்தகைய கருவிகளை ஏமாற்றிக் காட்டினார்கள். ஆகவே உயிருள்ள கைதானா என்று சோதிக்கும் வசதியையும் கேட்டு உறுதிசெய்த பின்னரே பணம் கட்டுங்கள்.

எங்கள் பதிவுகள் இப்போது கருவிக்குள் மட்டுமே, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டு இருக்கின்றன. சென்ற மாதம் ஊர் திரும்பிய ஊழியரின் பதிவை, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அழித்தோம். அழித்த பிறகு அவரையே கை வைக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டி அனுப்பினோம்.