பேண்ட்கேம்ப்: காவிரிக் கரையிலிருந்து புதிய இசை தேடுவோருக்கு

திரைப்பாடலுக்கு வெளியே புதிதாக என்ன இசை வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ இருந்தால், நேரில் போய்க் கேட்க அவருக்கு இடமில்லை. சுயாதீன இசைக்குழுக்களும் மின்னணு இசைக் கலைஞர்களும் சென்னை, பெங்களூரு, மும்பை என்று மேடையேறுகிறார்களே தவிர, திருச்சியைத் தாண்டிக் கிழக்கே வருவது அரிது. பழைய கேசட் கடைகளெல்லாம் கைப்பேசிக் கடைகளாக மாறிவிட்டன. ஆகவே எங்களுக்கு இணையத்தை விட்டால் வேறு வழியில்லை. அங்கே இருக்கும் சேவைகளில், புதிய இசையைத் தேடுவதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது பேண்ட்கேம்ப்பைத்தான்.

2008-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தச் சேவையில், கலைஞரே தம் பக்கத்தைத் திறந்து, ஆல்பத்தை ஏற்றி, விலையையும் குறிக்கிறார். விலையை வாங்குபவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுவோரும் உண்டு. பெரும்பாலான ஆல்பங்களை முழுவதும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். இசைவகையை வைத்தும் ஊரை வைத்தும் தேட முடியும் என்பதால், சென்னையின் தி எஃப்16ஸ், டெல்லியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ., மும்பையின் சாண்டியூன்ஸ் போன்றோரிடம் தொடங்கி, பெயரே கேள்விப்படாத கலைஞர்கள் வரை எளிதாகப் போய்விடலாம்.

ஆனால் தேடல் வசதி மட்டுமே இருந்திருந்தால் இதைப் பற்றி இவ்வளவு எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும், அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். சிலர் எந்தப் பாடல் ஏன் பிடித்தது என்று ஓரிரு வரிகளும் எழுதியிருப்பார்கள். அவர்களில் ஒருவரின் படத்தைத் தொட்டால், அவர் இதுவரை காசு கொடுத்து வாங்கிய இசை முழுவதும் நம் முன் விரிகிறது. திருவையாற்று ஆராதனைப் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவர், “இவர் தோடி பிடித்ததென்றால் நாளைக் காலையில் வருகிறவரையும் விடாதீர்கள்” என்று சொல்வாரே, அப்படிப்பட்ட வழிகாட்டுதல் இது. கேள்வி ஞானம் உள்ள ஒருவரின் காதை நம்பிப் பின்தொடர்கிறோம். மற்ற சேவைகளில் பாடல்களைப் பரிந்துரைக்கும் அல்காரிதம் நாம் நேற்றுக் கேட்டதற்கு ஒத்ததையே இன்றும் தேடித் தருகிறது. ஒரு மனிதருடைய தொகுப்பிலோ அவருடைய ரசனையின் திருப்பங்கள் எல்லாம் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஒன்றை நிறுவ உதவினார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் 1972 வரை செய்த சோதனைகள் ஒலிநாடாக்களில் பதிவாகி, பிறகு பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-இல் அவை ஆல்பமாக வெளிவந்தன. பேண்ட்கேம்ப்பில் அதைக் கேட்கத் தொடங்கினால் முதலில் வெறும் இரைச்சல் போலத்தான் தோன்றும். சற்றுப் பொறுமையாக ஹெட்போனில் கேட்டால், ஒரே சுரம் மெல்ல மெல்லத் தடித்து, ஓரங்களில் நடுங்கி, இரண்டாகப் பிளந்து மறுபடி ஒன்றாகச் சேர்வது தெரியும். தம்புராவின் தந்திகளுக்கு அடியில் இருக்கும் ஜீவா என்ற நூலை விரலால் நகர்த்தி நாதத்தைத் திருத்துவதைப் பக்கத்தில் இருந்து கேட்டவருக்கு இது அந்நியமாக இருக்காது.

அந்த ஆல்பத்தை வாங்கியவர்களில் லிஸ்பன் நகரத்துக்காரர் ஒருவரின் தொகுப்பைத் திறந்தேன். அங்கிருந்து, ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சுவிடும் ஒலியை மட்டுமே வைத்துக்கொண்டு கட்டிய ஓர் ஆல்பம். அதை வாங்கிய வேறொருவரிடமிருந்து, கோயில் மணியோசையை நீட்டி நீட்டி அடுக்கிய இன்னொன்று. வேறு எந்தச் சேவையும் இவற்றை என் முன் கொண்டுவந்து வைத்ததில்லை.

மின்னணு இசை என்றால் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று டெல்டா ரசிகர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. பெங்களூரின் ராடெல் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த மின்னணுத் தம்புராவின் வழிவந்த பெட்டிகள் இன்று கச்சேரி மேடைகளில் சாதாரணமாகிவிட்டன. கருவியையே மாற்றி அமைப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நாகஸ்வரத்தின் நீளத்தையும் துளைகளையும் திருத்தி, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். அதே ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலின் கணக்குகளைக் கேட்டு வளர்ந்த காது, தாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கும் மின்னணு இசையைப் புரிந்துகொள்ள மற்றவர்களைவிடக் குறைவாகவே சிரமப்படும் என்பது என் உறுதியான கருத்து.

ஒலித்தரத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. இணையப் பக்கத்தில் இலவசமாகக் கேட்கும்போது கிடைப்பது 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3 மட்டுமே. அடிநாதத்தை நம்பிச் செய்த இசை இதில் மெலிந்துதான் கேட்கும். வாங்கிய பிறகு ஃபிளாக், வேவ் உள்ளிட்ட, ஒலித்தரம் இழக்காத கோப்பு வடிவங்களில் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஓர் ஆல்பம் ஃபிளாக்கில் ஏறத்தாழ 300 எம்பி வரும். வேதாரண்யம் பக்கம் பேருந்தில் போகும்போது சிக்னல் வந்து வந்து போகிற நமக்கு, கோப்பு கையில் இருப்பது பெரிய வசதி.

கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 சதவீதமாகக் குறைகிறது. எல்லாக் கட்டணங்களும் போக, சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ அவருடைய வெளியீட்டு நிறுவனத்துக்கோ சேர்கிறது என்று நிறுவனம் கூறுகிறது. ஸ்பாட்டிஃபையிலோ 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ராயல்டியே இல்லை. சிறிய கலைஞர்களை நாம் தேடிப் போகிறோம் என்றால், இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது.

குறைகளும் சிறியவை அல்ல. யுபிஐ பழகிய நம்மவர்களுக்கு, பன்னாட்டுப் பரிமாற்றம் அனுமதிக்கப்பட்ட கார்டோ பேபால் என்ற இணையப் பணச் சேவையோ தேவைப்படுவதே முதல் தடை. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் அதற்கு மேல். கலைஞர்களுக்கான பணம் பேபால் வழியாகவே போகிறது. பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டதால், பெர்லின் கலைஞரிடம் வாங்குவதைவிடச் சென்னைக் கலைஞரிடம் வாங்குவது சிக்கலாகிவிட்டது. இது வருந்தத்தக்கது. தமிழ் இசையும் இங்கே மிகக் குறைவு. நம் சுயாதீனக் கலைஞர்களில் பெரும்பாலோர் யூடியூபோடு நின்றுவிடுகிறார்கள். தமிழில் தொடங்கித் தமிழிலேயே தேடலை முடிக்க நினைப்பவர் ஏமாற்றமடைவார்.

பேண்ட்கேம்ப் கைமாறிய விதமும் கவலை தருகிறது. 2022-இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் அதை வாங்கியது. அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்டிரேடரிடம் விற்றது. அப்போது ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலையிழந்தார்கள். 2016 முதல் நடந்துவரும் பேண்ட்கேம்ப் டெய்லி என்ற இதழ்ப்பகுதி தொடர்வது ஆறுதலான செய்தி. இசைவகைவாரியாக மாதந்தோறும் வரும் அதன் தேர்வுப் பட்டியல்கள் அக்கறையோடு எழுதப்படுகின்றன; ஆங்கிலம் வாசிப்பவருக்குத் தேடலைத் தொடங்க அதைவிட நல்ல வாசல் இல்லை. ஆனாலும் உரிமையாளர் மறுபடி மாறலாம் என்பதால், வாங்கியதை உடனே பதிவிறக்கி வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் வங்கிச் செயலியில் கார்டின் பன்னாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பைச் சிறிய தொகையாக வைத்துக்கொள்ளட்டும். பிடித்த ஆல்பங்களை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பேண்ட்கேம்ப் வெள்ளி வரும்வரை காத்திருக்கலாம். பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் தொடங்கிய ஏற்பாடு இது. குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் நிறுவனம் தன் பங்கை முழுவதும் விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்பதால், கோடைகாலத்தில் நமக்கு அது வெள்ளி பகல் 12.30 முதல் சனி பகல் 12.30 வரை, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.