தொப்புள்கொடியா, குதிகாலா? பச்சைக்குழந்தைக்கான தைராய்டு டெஸ்ட்

பிறந்த பிள்ளைக்குத் தைராய்டு பார்க்க இரண்டு வழி. பிரசவம் ஆனதும் தொப்புள்கொடியிலிருந்தே ரத்தம் பிடித்துவிடலாம். இல்லையென்றால் மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி, வடிதாள் அட்டையில் சொட்டு வைக்கலாம். லேபில் சாம்பிள் எடுக்கும் வேலை என்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம் "எது நல்லது?" என்பார்கள். மூன்றாம் நாள் எங்கே இருப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இரண்டிலும் பார்ப்பது டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்; தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் இது கூடும். குழந்தை வெளியே வந்ததும் டிஎஸ்ஹெச் மளமளவென ஏறும். அரை மணி நேரத்தில் 60, 80 கூடத் தொடும். அடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். கொடி ரத்தம் அந்த ஏற்றத்துக்கு முந்தியது. 48 மணி நேரம் கழித்து எடுக்கும் குதிகால் ரத்தம் பிந்தியது. இரண்டுக்கும் நடுவில், டிஸ்சார்ஜ் அவசரத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரத்திலேயே குத்துவதுதான் வினை. ஒன்றுமில்லாத குழந்தைக்கும் எண் எகிறும், வீடே அழும்.

கொடியில் எடுத்தால் பிள்ளைக்கு வலியில்லை, மறுநாளே கிளம்புகிறவர்களும் விடுபட மாட்டார்கள். ஆனால் நடுராத்திரிப் பிரசவத்தில் டியூபை மறந்துவிடுவார்கள், பெயர் மாற்றி ஒட்டிவிடுவார்கள். கஷ்டப்பட்டுப் பிறந்த குழந்தைக்குக் கொடியிலேயே எண் கூடி நிற்பதும் உண்டு.

அட்டைக்குக் கைப்பக்குவம் வேண்டும். குதிகாலின் ஓரத்தில்தான் குத்தணும், நடுவில் கூடாது. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த பெரிய சொட்டு வட்டத்தை ஒரே தடவையில் நிறைத்து, தாளின் பின்பக்கம் வரை ஊற வேண்டும். சொட்டின்மேல் சொட்டு வைத்தால் அளவு தப்பும். பிறகு மூன்று மணி நேரம் படுக்கைவாட்டில், வெயில் படாமல் காயணும். அதே அட்டையில் வேறு சில பிறவி நோய்களையும் பார்க்கலாம் என்பது பெரிய லாபம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு அட்டைதான் என் ஓட்டு.

டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்தால் இரண்டிலும் ஓர் ஓட்டை உண்டு. கோளாறு பிட்யூட்டரியில் (டிஎஸ்ஹெச்சைச் சுரக்கும், மூளையடிச் சுரப்பி) இருந்தால் டிஎஸ்ஹெச் ஏறாது, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் மட்டும் குறையும். 1974-இல் கனடாவின் கியூபெக்கில் இந்தப் பரிசோதனை தொடங்கியபோது டி4-ஐத்தான் பார்த்தார்கள். குறைமாதக் குழந்தைக்கு டிஎஸ்ஹெச் தாமதமாக ஏறலாம். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள்.

டிஎஸ்ஹெச் சீரம் (ரத்தத்தில் அணுக்கள் நீக்கிய தெளிநீர்) கணக்கில் 40-க்கு மேல் போனால் உடனே ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாத டி4) பார்க்கணும். 20-க்கும் 40-க்கும் நடுவே என்றால் ஏழு முதல் பத்து நாளில் மறுபடி. (அட்டையின் எண் முழு ரத்தக் கணக்கில் வந்தால் சீரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.) தைராய்டு குறைபாடு உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிடணும், மூளை வளர்ச்சி காத்திருக்காது.

மறுபடி பார்க்கக் கூப்பிடுவதற்குள் பிள்ளை அம்மா வீட்டில் இருக்கும், படிவத்திலோ வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவின் நம்பர். அதனால் பாட்டியின் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்வேன்.