டெவில்ஸ் க்ளா மாத்திரை: டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

டர்பனில் எந்த ஃபார்மசியிலும் மூட்டுவலி மருந்துகள் இருக்கும் தட்டில் மஞ்சளும் டெவில்ஸ் க்ளாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மஞ்சளைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். டெவில்ஸ் க்ளா இந்த மண்ணின் சரக்கு. கலஹாரி மணலில் நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் பகுதிகளில் விளையும் கிழங்கு அது. எள் குடும்பத்துச் செடி. நம் ஆனைநெருஞ்சிலுக்குச் சொந்தக்காரன். காயில் இருக்கும் கொக்கிகளால்தான் ‘பிசாசின் நகம்’ என்ற அந்தப் பெயர். சான், கோய் மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் கண்டுகொண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள்.

கடையில் இது மூன்று வடிவில் கிடைக்கிறது: வேர்ப்பொடி கேப்சூல், சாற்று மாத்திரை, நறுக்கி உலர்த்திய வேர். நேராகவே சொல்லிவிடுகிறோம். வேரின் முக்கியச் சத்தான ஹார்பகோசைட் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்ட சாற்று மாத்திரையை வாங்கலாம். மற்ற இரண்டும் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

ஏன் இந்தக் கணக்கு? கீழ் முதுகுவலிக்கு நடந்த சோதனைகளில் பலன் தெரிந்த அளவு நாளுக்கு 50 முதல் 100 மி.கி. ஹார்பகோசைட். 60 மி.கி. தந்த ஒரு சோதனையில் அது 12.5 மி.கி. ரோஃபெகாக்சிப் என்ற வலிமாத்திரையோடு ஏறக்குறைய சமமாக நின்றது. (இதய ஆபத்து காரணமாக 2004-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட வயாக்ஸ்தான் அந்த ரோஃபெகாக்சிப். சோதனையும் சிறியது, ஆறு வாரம்தான். அதனால் ‘சமம்’ என்பதை அடக்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.) ஐரோப்பிய மருந்துநூல் வேரில் குறைந்தது 1.2% ஹார்பகோசைட் கேட்கிறது. அந்தக் குறைந்தபட்சத் தரத்தில் 500 மி.கி. பொடி அடைத்த கேப்சூலில் இருப்பது வெறும் 6 மி.கி. டப்பா சொல்வதுபோல் காலை ஒன்று, இரவு ஒன்று போட்டால் 12 மி.கி.; தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. ‘இரண்டு மாதம் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை’ என்பவர்களில் பாதிப் பேரின் கதை இதுவாகத்தான் இருக்கும்.

பொடியே வேலை செய்யாது என்று இல்லை. பிரான்சில் இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்கு நான்கு மாதம் நடந்த சோதனையில் கொடுத்தது பொடிதான். ஆனால் 435 மி.கி. கேப்சூல் நாளுக்கு ஆறு, மொத்தம் 2,610 மி.கி.; அதில் ஹார்பகோசைட் 57 மி.கி. இருந்தது. அதாவது 2 சதவீதத்துக்கு மேல் தேறிய நல்ல வேர். நம் கடைப் பொடியில் எத்தனை சதவீதம் என்று டப்பா சொல்லாவிட்டால் ஆறு போடுவதா பத்து போடுவதா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கக் கிழங்குகளில்தான் சத்து. ஆணிவேரையும் சேர்த்து அரைத்தால் எடை கூடும், சரக்கு நீர்க்கும். செடியும் அத்தோடு சாகும்.

சாற்று மாத்திரையில் வேறொரு கண்கட்டு உண்டு. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘800 மி.கி. வேருக்குச் சமம்’, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘4:1 சாறு 200 மி.கி.’ நான்கு கிலோ வேரிலிருந்து ஒரு கிலோ சாறு எடுத்தார்கள் என்பதற்கு மேல் அந்த 4:1 எதையும் சொல்லாது. ‘5% ஹார்பகோசைட்’ என்றும் இருந்தால்தான் ஒரு மாத்திரையில் 10 மி.கி. என்று தெரியும். அப்படியானால் நாளுக்கு ஆறு வேண்டும், அறுபது மாத்திரை டப்பா பத்து நாளில் தீரும். விலை ஒப்பிடும்போது டப்பா விலையை மொத்த ஹார்பகோசைட் மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள். மலிவு டப்பா பல நேரம் மலிவாக வராது.

உலர்ந்த வேர் வாங்குபவர்களுக்கு: 4.5 கிராம் வேரை 300 மி.லி. கொதிநீரில் போட்டு, மூடி, எட்டு மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டி, மூன்று வேளையாகக் குடிப்பது ஜெர்மானிய முறை. கசப்பு நாக்கை விட்டுப் போகாது. வேரில் ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரை ஏராளம், பயறு தின்றால் வாயு தரும் அதே ரகம். வயிறு உப்புவதற்கும் பேதிக்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். டர்பன் ஈரக்காற்றில் பொடி சீக்கிரம் கட்டிதட்டும், பூஞ்சை பிடிக்கும். கட்டியான பொடியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

இப்போது மஞ்சளும் மிளகுச் சத்தும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய வருகின்றன. அவற்றுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. 1998-இல் பெங்களூரில் 2 கிராம் குர்க்குமினோடு (மஞ்சளின் சத்து) 20 மி.கி. பைப்பரின் (மிளகின் சத்து) கொடுத்தபோது உடம்பில் ஏறிய அளவு இருபது மடங்கு போனது. விளம்பரங்கள் இன்னும் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன. அப்படி அதிகம் ஏற்றும் மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிப்பு வந்த நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகி, 2023-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. அரிது என்றாலும் கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் அன்றே நிறுத்த வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். பைப்பரின் மற்ற மருந்துகளையும் கூடவே இரத்தத்தில் ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் போடாத பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

செடிச் சரக்குதானே, கெடுதல் செய்யாது என்பவர்கள் குவாசுலு-நேட்டாலில் காட்டோரம் தானாகப் பூக்கும் செங்காந்தளை நினைத்துக்கொள்ளலாம். அதன் கிழங்கு ஆளைக் கொல்லும். அதிலுள்ள கால்ச்சிசின் அரை மில்லிகிராம் மாத்திரையாக, இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்பகோசைட் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. ஆய்வுக்கூடத்துச் செல்களில் அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2, டிஎன்எஃப் போன்றவற்றை வேர்ச்சாறு அடக்குகிறது. மனிதர்களில் உறுதியாகத் தெரிவது வலி குறைவதுதான். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அதை விட்டுவிட்டு இதைப் போட்டால் மூட்டு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும்.

வயிற்றுப்புண், பித்தக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம்; கசப்பு அமிலத்தைக் கூட்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்க்காமல் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு, முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள். பேதி வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முதல் இரண்டு வாரம் பலனை எதிர்பார்க்காதீர்கள். முழு அளவில் நான்கு வாரம் போட்டும் மாடிப்படி ஏறுவதில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இன்னொரு டப்பா வாங்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று: டப்பாவின் ஓரத்தில், தரம், பாதுகாப்பு, பயன் எதையும் சாப்ரா (தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) மதிப்பிடவில்லை என்ற வாசகம் இருக்கும். பதிவு பெறாத துணை மருந்துகள் எல்லாவற்றிலும் அது இருந்தாக வேண்டும். அது இருப்பதால் சரக்கு மோசம் என்று அர்த்தமில்லை. அதுவும் இல்லாமல், தொகுதி எண்ணும் இல்லாமல் விற்கும் டப்பாவைத்தான் தட்டிலேயே விட்டுவிட வேண்டும்.